விடுதலை வேறு, விடுவிப்பு வேறு

போன மாதம் நான் வேலை பார்த்த மாநகராட்சி அலுவலகத்தின் சட்டப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"மேடம், புது ஆணை ஒண்ணு வந்திருக்கு. வேலை சம்பந்தமா நம்ம ஊழியர் மேல யாராவது கேஸ் போட்டா, வக்கீல் செலவுக்கு இனிமே முன்பணமே தரலாமாம். முன்னாடியெல்லாம் நீங்க எப்படி மேடம் சமாளிச்சீங்க?"

"மாட்டுக்காரம்மா வீட்டுக்குப் போய்க் கெஞ்சினோம்" என்றேன்.

அவள் சிரித்தாள். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் அவளை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். மீதியையும் சேர்த்து எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். அதுதான் இது.

வியாசர்பாடி குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் பிறந்தவள் நான். அப்பா பௌத்தர், அதனால் யசோதரா என்று பெயர் வைத்தார். அலுவலகத்தில் முதல் நாளே அது யசோதா ஆகிவிட்டது. தட்டச்சராகச் சேர்ந்தேன். வரிப் பிரிவில் இடமில்லை, பொறியியல் பிரிவில் இடமில்லை, சட்டப் பிரிவில் மட்டும் எப்போதும் இடமிருந்தது. ஏனென்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மற்ற பிரிவுகளுக்கு மக்கள் கோபமாக வருவார்கள். எங்கள் பிரிவுக்கு எங்கள் ஊழியர்களே அழுதுகொண்டு வருவார்கள்.

விஷயம் இதுதான். தெருவில் வேலை செய்கிற அதிகாரி மேல் யாருக்காவது ஆத்திரம் வந்தால் அலுவலகத்தின் மேல் வழக்குப் போடுவார்கள். அதற்கு அலுவலக வக்கீல் இருக்கிறார். விவரம் தெரிந்தவர்களோ அந்த அதிகாரியின் பெயரைப் போட்டு, அப்பா பெயரைப் போட்டு, வீட்டு முகவரியையும் போட்டு வழக்குத் தொடுப்பார்கள். அப்போது அலுவலக வக்கீல் வரமாட்டார். அதிகாரி தன் செலவில் வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும். செய்தது கடமைக்காக, நல்லெண்ணத்தோடு செய்தது என்று சட்டப் பிரிவு சொல்லி, நீதிமன்றமும் குற்றமற்றவர் என்று விடுதலை செய்தால், பிறகு அலுவலகம் அந்தச் செலவைத் திருப்பித் தரும். ஜெயித்தால்தான் பணம். பணம் இருந்தால்தான் வக்கீல் வாயைத் திறப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் மேசை இருந்தது.

கடமையா, நல்லெண்ணமா என்று முடிவு செய்கிறவர் சட்ட அலுவலர் தணிகாசலம் சார். ஒல்லியாக இருப்பார். சட்டைப் பையில் பேனா இருந்தாலும் பென்சிலால்தான் எழுதுவார். ஆத்திரப்பட்டு நான் அவரைப் பார்த்ததில்லை. எழுதிக் கொடுத்த விளக்கம் எதையும் அவர் நம்பமாட்டார். "எழுதும்போது எல்லோரும் நல்லவர்கள்" என்பார். வழக்கில் மாட்டியவரை மேசைக்கு முன்னால் நிற்க வைத்து, அன்றைக்கு என்ன சொன்னாரோ அதையே, அன்றைக்குச் சொன்ன அதே சத்தத்தில், செய்து காட்டச் சொல்வார். அடித்ததாகப் புகார் என்றால் நாற்காலியை அடித்துக் காட்ட வேண்டும். எங்கள் பிரிவில் ஒரு நாற்காலிக்குக் கை கிடையாது.

ராயபுரத்தில் வலை, கயிறு விற்கும் கடை ஒன்றுக்கு வரி பாக்கிக்காக சீல் வைத்தார் ஒரு வரி வசூலிப்பாளர். கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் கடைக்காரர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் உள்ளேயிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டு, தெருவே கூடிவிட்டது. சட்டவிரோதமாக அடைத்து வைத்தார் என்று வழக்கு.

"பூட்டுவதற்கு முன்னால் கூப்பிட்டுப் பார்த்தீர்களா?" என்று சார் கேட்டார்.

"கூப்பிட்டேன் சார்."

"கூப்பிட்டுக் காட்டுங்கள்."

"ஐயா... உள்ளே இருக்கீங்களா ஐயா" என்றார் அவர், நோயாளியிடம் பேசுவது போல.

"இப்படித்தான் கூப்பிட்டீர்களா? அப்படியானால் எனக்கே கேட்கவில்லை. செலவைத் தர முடியாது."

அவர் தலை குனிந்து நின்றார். பிறகு மூச்சை இழுத்து, "இன்னா பெர்சு, உள்ள கீறியா?" என்று ஒரு சத்தம் போட்டார். கீழ்த்தளத்தில் குடிநீர் வரி கட்ட வரிசையில் நின்ற வயசானவர்களில் ஒருவர் மேலே பார்த்து, "கீறோம்பா, இன்னா வோணும்?" என்றார்.

சார் பென்சிலை எடுத்து, 'அழைத்த குரல் கேட்கத்தக்கதே' என்று எழுதிக்கொண்டார். அந்த வழக்கு சுலபமாகத் தீர்ந்தது.

சுலபமாகத் தீராதது ஏகாம்பரத்தின் வழக்கு.

ஏகாம்பரம் சுகாதார ஆய்வாளர். ஓய்வுபெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. காலம் முழுவதும் யாரிடமும் திட்டு வாங்கக்கூடாது என்றே வாழ்ந்த மனிதர். தெருவில் திரியும் மாடுகளைப் பிடிக்கும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தார்கள். விம்கோ நகரில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் சாலை நடுவில் ஒரு பசு படுத்திருந்தது. பெயர் ரோஜா. வண்டியில் ஏற்றிப் போய், பிடித்த மாடுகளை அடைக்கும் எங்கள் தொழுவத்தில் கட்டினார்கள். அது சினை என்று தெரியும். இன்றைக்கே என்று தெரியாது. மத்தியானம் அது கன்று போட்டது. கால்நடை மருத்துவர் மாதவரத்தில் இருந்தார். போனில் அவர் சொல்லச் சொல்ல, ஏகாம்பரம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பிரசவம் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு மயங்கி உட்கார்ந்துவிட்டார் என்று பின்னால் தொழுவத்துக் காவலாளி சொன்னான்.

மறுநாள் சொந்தக்காரி தனபாக்கியம் வந்தார். புருஷன் இல்லாமல், பால் வியாபாரத்தில் மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். அபராதம் கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு, பசுவோடும் கன்றோடும் வாசலுக்கு வந்தார். அங்கே காவலாளி மறித்தான். எத்தனை தலை வெளியே போகிறதோ அத்தனை ரசீது வேண்டும் என்பது அவனுக்கிருந்த உத்தரவு. ஏகாம்பரம் விதியைப் பார்த்தார், காவலாளியைப் பார்த்தார், கன்றுக்கும் அபராதம் கேட்டார்.

அங்கேதான் தீப்பிடித்தது. தனபாக்கியம் கட்டினார், கட்டிவிட்டு நேராக அக்கா மகனிடம் போனார். அந்தப் பையன் அப்போதுதான் கறுப்புக் கோட்டு மாட்டியிருந்தான். மிரட்டிப் பணம் பறித்தார் என்று ஏகாம்பரத்தின் மேல், அவர் அப்பா பெயரோடு, தன் முதல் வழக்கைப் போட்டான். கூடவே இன்னொரு குற்றச்சாட்டு: பசுவின் சீம்பாலைக் காணவில்லை.

குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் ஓய்வூதியம் முழுசாக வராது. வக்கீலோ ஒவ்வொரு வாய்தாவுக்கும் கை நீட்டினார். ஏகாம்பரத்தின் மனைவி கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அவர் எங்கள் அறைக்கு வந்தபோது, வழக்கம்போல சார் செய்து காட்டச் சொன்னார்.

"அந்த அம்மாவிடம் எப்படிப் பணம் கேட்டீர்கள்?"

ஏகாம்பரம் கைகளைக் கட்டிக்கொண்டு, "அம்மா, கன்னுக்குட்டிக்கும் ஒரு ரசீது போடணுமாம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

"இதுதான் மிரட்டலா?"

"அவங்கதான் சார் மிரட்டினாங்க."

"சரி. கன்று சாலையில் திரிந்ததா?"

"இல்ல சார்."

"பிறகு எதற்கு அபராதம்?"

ஏகாம்பரம் யோசித்தார். "வயித்துக்குள்ள இருந்துகினு அதுவும்தானே சார் சுத்திச்சு?"

நான் தட்டச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சார் சிரிக்கவில்லை. வெகுநேரம் பென்சிலை உருட்டினார். பிறகு எழுதினார்: 'கன்று சாலையில் திரியவில்லை. சாலையில் திரிந்த ஒன்றின் உள்ளே இருந்தது. வசூல் தவறு, திருப்பித் தர வேண்டும். ஆயினும் தவறு வேறு, தீய எண்ணம் வேறு.' எங்கள் அலுவலகத்தில் எழுதப்பட்ட குறிப்புகளில் இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

"கடைசியாக ஒன்று. சீம்பாலை எடுத்து நீங்கள் அனுபவித்திருந்தால், அத்தோடு கடமை முடிந்தது. அப்புறம் இந்த அலுவலகம் ஒரு பைசா தராது. அது எங்கே போனது?"

ஏகாம்பரம் தரையைப் பார்த்தார்.

"கன்னு குடிச்சது போக மடி கல்லு மாதிரி இருந்துச்சு சார். கறக்கலேன்னா மாட்டுக்குக் காய்ச்சல் வந்துடும்னு டாக்டர் சொன்னார். கறந்தத கீழ கொட்ட மனசு வரல. வூட்டுக்கு எடுத்துப் போனேன்."

"சாப்பிட்டீர்களா?"

"எங்க வூட்ல யாருக்கும் சீம்பால் ஒத்துக்காது சார். வெல்லம், ஏலக்கா போட்டு வேக வெச்சு, டப்பாவுல..." நிறுத்திவிட்டுச் சாரைப் பார்த்தார். "இங்கதான் சார் கொண்டாந்தேன். நீங்ககூட ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்டீங்க."

சார் பென்சிலைக் கீழே வைத்தார். அவருக்குச் சர்க்கரை நோய் வேறு. நான் அன்று விடுப்பில் இருந்ததால் எனக்குப் பங்கு கிடைக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

வேறு யாராக இருந்தாலும் அதை அப்படியே அமுக்கியிருப்பார்கள். தணிகாசலம் சார் அப்போதே ஒரு தாளை எடுத்து, 'இந்த வழக்கின் பொருளில் எனக்குத் தனிப்பட்ட பங்கு இருந்ததாகத் தெரிய வருவதால்' என்று தொடங்கி, கோப்பை வேறொருவர் பார்க்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். எழுதி முடித்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் விம்கோ நகருக்குப் போனார். ஆண் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டால் அதற்கும் ஒரு புகார் வரும் என்பது அவர் கணக்கு.

தனபாக்கியம் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். சார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"அம்மா, உங்கள் மாட்டின் சீம்பாலைச் சாப்பிட்டது நான்தான். யாருடையது என்று தெரியாமல் சாப்பிட்டேன். தெரிந்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை."

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு சார்?"

"சட்ட அலுவலர்."

"அந்த நைனா அத்த வித்துத் துன்னுட்டான்னு நெனச்சுகினு இருந்தேன். ரோஜா தலப் பிரசவத்துக்கு நான் கிட்டக்க இல்லியேன்னு எனக்கு ஒரே பேஜாரு. மொத சீம்பால கோயிலுக்கு வேண்டிகினு இருந்தேன்." கையைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டார், "நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நன்றாக இருந்தது."

"சர்தான் போ. வூடு தேடி வந்து சொன்னியே, நீ மனுஷன். நான் கேஸ வாபஸ் வாங்கிக்கறேன்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் சார் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். தேரடி தாண்டியதும் திடீரென்று கண்ணைத் திறந்தார்.

"யசோதரா, அந்த அம்மா வாபஸ் வாங்கினால் நீதிமன்றம் என்ன சொல்லும்?"

"ஏகாம்பரத்தை விடுவிச்சிடும் சார்."

"நம் விதியில் என்ன வார்த்தை?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விதியில் இருந்தது 'விடுதலை'. விசாரணை முழுவதும் நடந்து, குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தால் அது விடுதலை. பாதியில் புகார்தாரர் விலகிக்கொண்டு வழக்கு நின்றுபோனால் அது வெறும் விடுவிப்பு. விடுவிப்புக்குச் செலவு தரச் சொல்லி எந்த விதியிலும் இல்லை. ஓய்வூதியம் தப்பித்துவிடும், சங்கிலி அடகிலேயே இருக்கும். சாருடைய நேர்மை ஏகாம்பரத்தின் பையில் ஓட்டை போட்டுவிட்டது.

கோப்பை வாங்கிக்கொண்ட தலைமை அலுவலகமும் ஒரே வரியில் அதையே எழுதி அனுப்பியது.

ஆக நாங்கள் மூன்று பேரும், ஏகாம்பரம் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, மறுபடியும் விம்கோ நகர் போனோம். பழம் மாட்டுக்கு. அந்த அம்மாவுக்குக் கொடுத்தால் சாட்சியைக் கலைத்ததாக ஆகிவிடும் என்று சார் சொல்லியிருந்தார்.

"இன்னா நைனா, இன்னும் இன்னா?" என்றார் தனபாக்கியம்.

ஏகாம்பரம் அழுதுவிடுவார் போல இருந்தது. "அம்மா, நீங்க கேஸ வாபஸ் வாங்கக் கூடாதும்மா. தயவு செஞ்சு நடத்துங்க."

"உன் மேலதானே கேஸு?"

"ஆமாம்மா."

"உன்ன உள்ள தள்ளச் சொல்லி நான் கேஸ் நடத்தணும்னு நீயே வந்து கேக்கற?"

நான் விடுதலைக்கும் விடுவிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். அவர் அதைக் கேட்டுவிட்டு, உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டு, "அத்த இன்னொரு வாட்டி சொல்லும்மா, இவளும் கேக்கட்டும்" என்றார். இன்னொரு முறை சொன்னேன்.

"அப்போ நான் கேஸ் நடத்தி, தோத்துப் போவணும்."

"அப்படிச் சொல்லவில்லை" என்று சார் அவசரமாகக் குறுக்கிட்டார். "நீங்கள் தோற்க வேண்டும் என்று நாங்கள் கேட்கக் கூடாது. இன்னது சொல்லுங்கள் என்றும் கேட்கக் கூடாது. கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்."

"நடந்தத சொன்னா தோத்துடுவேனே சார்."

ரோஜா ஏகாம்பரத்தின் கையிலிருந்த பழத்தைச் சீப்போடு இழுத்துக்கொண்டது. கன்று அவர் முழங்காலை நக்கியது. ஏகாம்பரம் குனிந்து அதன் தலையைத் தடவி, "நல்லாத்தான் வளந்துகினு கீது" என்று முணுமுணுத்தார். தனபாக்கியம் அதைப் பார்த்தபடியே நின்றார். "வாய்தா என்னிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா மகன்தான் பாவம். "சித்தி, இது எனக்கு மொத கேஸு சித்தி" என்று நீதிமன்ற வராந்தாவில் அவன் கெஞ்சியது எங்கள் பக்கம் வரை கேட்டது. "இருக்கட்டும்டா. மொத கேஸுல பொய் சொல்லி ஜெயிச்சா அப்பால அதுவே பழக்கமாப் பூடும்" என்றார் அந்த அம்மா.

நடுவர் ஒரு பெண். கண்ணாடிக்கு மேலாகத் தனபாக்கியத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இவர் உங்களை மிரட்டினாரா?"

"இல்லம்மா. அவருதான் பயந்துகினு இருந்தாரு."

"பணத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டாரா?"

"இல்லம்மா, ரசீது குடுத்தாரு. அத்த ஆபீஸ்ல திருப்பியும் குடுத்துட்டாங்க."

"பால்?"

"கன்னு குடிச்சுது. மீதிய ஒரு பெரிய மனுஷன் துன்னாரு. தெரியாம துன்னாரு." சார் எனக்குப் பக்கத்தில் கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்தார். "இந்த நைனா இல்லாங்காட்டி தாயும் இல்ல, கன்னும் இல்லம்மா. டாக்டரு சொன்னாரு."

"பிறகு எதற்கு வழக்குப் போட்டீர்கள்?"

"கோவம்மா. பொறந்த குயந்தைக்கு அபராதம் கேட்டா கோவம் வராதா?"

"இப்போது கோபம் போய்விட்டதா?"

"பூடுச்சு."

நடுவர் பேனாவை மூடினார். "அப்படியானால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமே. எல்லோருக்கும் நேரம் மிச்சம்."

ஏகாம்பரம் கூண்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். இனிமேல் ஒரு வார்த்தைகூட எங்கள் கையில் இல்லை.

"வேணாம்மா. நீங்க தீர்ப்பே சொல்லிடுங்க" என்றார் தனபாக்கியம்.

"நீங்கள் இப்போது சொன்னதை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் நீங்கள் தோற்றுவிடுவீர்கள் அம்மா."

"தோத்துக்கறேம்மா."

நடுவர் அக்கா மகனைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான். ஏகாம்பரத்தின் வக்கீலைப் பார்த்தார்; வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்குப் பேச ஒன்றுமில்லை. நடுவர் பேனாவைத் திறந்தார். எழுதும்போது அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனதாக இன்றுவரை எனக்கு ஓர் எண்ணம். குற்றமற்றவர், விடுதலை.

மாநகராட்சி மன்றக் கூட்டத்தில் தெருவிளக்குக் கம்பத்துக்கும் மழைநீர் வடிகால் தூர்வாரலுக்கும் நடுவில் ஏகாம்பரத்தின் வக்கீல் செலவு வந்தது. ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அலுவலக வக்கீலுக்குத் தரும் அளவுக்குத்தான் தர முடியும் என்று கொஞ்சம் வெட்டினார்கள். ஆனாலும் சங்கிலி மீண்டது. ஏகாம்பரம் முழு ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனார்.

அவர் இடத்துக்கு வந்த புதிய ஆய்வாளர் இந்தக் கதையை அலுவலகத்தில் எல்லோரிடமும் கேட்டு, மாடு என்றாலே நடுங்கிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் அதே சாலையில் அவருடைய ஆட்கள் ரோஜாவையும், நன்றாக வளர்ந்திருந்த கன்றையும் சேர்த்தே பிடித்துவிட்டார்கள். தனபாக்கியம் வந்து நின்றதும் அவர் பாதி எழுந்து, "அம்மா, பசுவுக்கு மட்டும் கட்டினா போதும்மா, கன்னை சும்மா ஓட்டிட்டுப் போங்க" என்றாராம். தொழுவத்துக் கோப்பு ஒன்றைத் தேடி நான் அன்றைக்கு அங்கே போயிருந்தேன். மீதியை என் காதாலேயே கேட்டேன்.

"அதெப்பிடி?" என்றார் தனபாக்கியம். "அன்னிக்கு அது வயித்துல இருந்துச்சு, நான் சண்ட போட்டேன். இன்னிக்கு ரெண்டும் நாலு காலால ரோட்டுல சுத்திச்சு. ரெண்டு ரசீது போடு."

"பரவாயில்லம்மா..."

"எழுது நைனா. ஒண்ண நீ சும்மா வுட்டியேன்னு நாளைக்கு எவனாவது உன் மேல கேஸ் போட்டா, வக்கீலுக்கு யாரு துட்டு குடுப்பாங்க?"